இளஞ்சிறார் பிரெஞ்சுக் கல்வியில் விளையாட்டின் இடம்

வேற்றுமொழியொன்றை இளமையிலேயே பயிற்றினால் அஃது எளிதிற் படியும் என்பது பலரும் கொண்ட கருத்து. பயிற்றும் முறை இன்பம் பயப்பதாயின் சிறார் விரும்பிக் கற்பர் என்பதும் உண்மையே. ஆயினும், அவ்வின்பம் எதனைக் கற்பிக்கிறது, எதனைக் கற்பியாது விடுகிறது என்பது ஆராய்தற்குரியது. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் நிகழும் பிரெஞ்சுக் கல்வியை முன்வைத்து அதனை ஈண்டு நோக்குவாம்.

1963-இல் அந்நாட்டில் முன்னோட்டத் திட்டமொன்று அறிவிக்கப்பெற்றது. எட்டு வயதுச் சிறார்க்குப் பிரெஞ்சு கற்பிப்பதே அதன் நோக்கம். அத்திட்டத்தினை ஆராய்ந்த கிளேர் பர்ஸ்டாலின் மதிப்பீடு 1974-இல் வெளிவந்தது. எட்டு வயதில் தொடங்கியோரையும் பதினொன்றில் தொடங்கியோரையும் பதினாறாம் வயதில் ஒப்பிட்டபொழுது, கேட்டுணர்தல் ஒன்றிலேயே முன்னவர் மேம்பட்டு நின்றனர். ஏனைத் திறன்களில் அத்தகைய சிறப்பு நிலைபெறவில்லை. இதற்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும், பிரெஞ்சில் செவிக்கும் எழுத்துக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது என்பதனை மறத்தலாகாது.

சான்றொன்று காண்போம். 'அவன் பேசுகிறான்' என்பதும் 'அவர்கள் பேசுகின்றனர்' என்பதும் பிரெஞ்சில் 'இல் பார்ல்' என ஒரே வகையாகவே ஒலிக்கும். எழுத்திலோ பெயரும் வினையும் வேறுபடும். தமிழில் வினைமுற்றின் ஈறு செவிக்கும் கண்ணுக்கும் எண்ணினை உணர்த்தும். பிரெஞ்சில் இவ்விடத்துக் கண்ணே உணர வேண்டும். எனவே செவியளவில் நிற்கும் விளையாட்டு, இவ்வேறுபாட்டினைக் கற்பியாது.

பிரெஞ்சுச் சிறாரின் விளையாட்டுக்களுள் சில மொழிப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. 'ஜாக் அ தி' என்னும் விளையாட்டில், 'ஜாக் சொன்னான்' என்ற தொடர் முன்வரின் மட்டுமே ஏவலைச் செய்தல் வேண்டும். அத்தொடரின்றிச் செய்வோர் தோற்பர். இதனால் ஏவல்வினையும் உறுப்புப் பெயர்களும் செவியில் ஊன்றும். 'ஏழு குடும்பங்கள்' என்னும் சீட்டாட்டத்தில் தாத்தா, பாட்டி, தந்தை, தாய், மகன், மகள் என்னும் அறுவரையும் கேட்டுப் பெற்றுக் குடும்பத்தை நிறைவு செய்தல் வேண்டும். ஆண்பாற் பெயர்க்கு 'ல', பெண்பாற் பெயர்க்கு 'லா' என்னும் சார்புச்சொல் முன்வருதலின், ஒவ்வொரு வினாவும் பாற்பயிற்சியாகின்றது. நூல் ஆண்பால், மேசை பெண்பால் எனப் பொருள் நோக்காது பால் வகுக்கும் அம்மொழியில், பொருள் நோக்கிய உறவுப்பெயர்களிலிருந்து தொடங்குதல் தக்க படிமுறையாகும்.

இவற்றோடு எழுத்து விளையாட்டும் சேர்தல் இன்றியமையாதது. ஒரு சிறுவன் பேசும் படத்தினையும் பலர் பேசும் படத்தினையும் வைத்து, ஆசிரியர் 'இல் பார்ல்' எனக் கூற வேண்டும். எப்படம் என்பதைச் செவியால் துணிய இயலாதென மாணவரே உணர்வர். பின்னர் எழுத்துச் சீட்டினைக் காட்டின், உரிய படத்தினை எடுக்க விரைவர். ஐயம் முன்னும் எழுத்து பின்னுமாக அமைதலின், எழுத்தின் பயன் அறிவுரையின்றியே விளங்கும்.

2014 செப்டம்பரில் ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ளார்க்கு வேற்றுமொழிக் கல்வி இங்கிலாந்தின் அரசுசார் பள்ளிகளில் கட்டாயமாயிற்று. தொடங்கும் வயதினை முன்னோக்கி நகர்த்துதல் சட்டத்தால் ஆவது. அதனால் விளையும் பயனோ வகுப்பறையில் ஆவது. விளையாட்டின் முடிவில் சிறார் மகிழ்ந்தனரா என வினவுதலோடு அமையாது, முன்னர் அறியாத எந்த வேறுபாட்டினை இப்பொழுது அறிந்தனர் என்றும் வினவுதல் ஆசிரியர் கடனாம்.