துப்பாக்கியின் ஜாதகம்

சியால்தாவிலிருந்து ராணாகாட் செல்லும் லோக்கல் வண்டியில் ஏறினால், ஒரு மணி நேரத்திற்குள் இந்தியத் துப்பாக்கியின் வரலாற்றையே கடந்துவிடலாம். டம்டம், பாரக்பூர், இச்சாப்பூர் என்று மூன்றே ஸ்டேஷன்கள். கொழுப்பு தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சு 1857 ஜனவரியில் எழுந்தது டம்டமில். மங்கள் பாண்டே மார்ச் 29ஆம் தேதி துப்பாக்கியைத் தூக்கியது பாரக்பூரில். 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது இச்சாப்பூரில். இரும்பில் வெட்டப்படும் பெயர் 'ஈஷாபூர்'. காஞ்சரப்பாரா பணிமனைக்குப் பல வருடங்கள் இந்த வழியில் போய் வந்தவன் நான்.

ரயில்வேக்காரனுக்கு இரும்பைப் படிக்கத் தெரியும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் எழும்பி நிற்கும் எழுத்துகளைப் பார்த்தால் எந்த ஆலை, என்ன எடை ரகம், எந்த ஆண்டு என்று சொல்லிவிடலாம். பழைய துப்பாக்கியும் அப்படித்தான். அதன் ஜாதகம் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது.

இதை எழுதக் காரணம் உண்டு. நம் சங்க அன்பர் ஒருவரின் தகப்பனார் காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் இருந்த துப்பாக்கியை, லைசென்ஸ் பெற்ற ஒரு ஆயுதக் கடையில் ஒப்படைத்திருந்தார்கள். "சிப்பாய்க் கலகத் துப்பாக்கி" என்பது வீட்டில் வழங்கி வந்த கதை. அதைக் கேள்விப்பட்ட ஒருவர், "1857 சாமான் என்றால் புராதனப் பொருள், காகிதம் எதுவும் வேண்டாம், ரொக்கமாகத் தருகிறேன்" என்று பெரிய தொகை பேசினார். பிள்ளைகளில் இளையவருக்கு ஆசை. மூத்தவர், "சார், ஒரு தடவை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று என்னைக் கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் முதலில் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் காட்டினார். போல்ட் இருக்கிறது என்றதுமே பாதி விஷயம் முடிந்தது. 1857இன் என்ஃபீல்ட், 1853ஆம் ஆண்டு மாதிரி. குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். அதில் போல்ட்டுக்கு இடமே கிடையாது.

அடுத்து, போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டையைப் பிடித்திருக்கும் இரும்பின் வலப்பக்கம். தூசியைத் துடைத்ததும் கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ., ஈஷாபூர், 1941 என்று தெரிந்தது. ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ் மன்னர், சக்கரவர்த்தி. ஆக, இது 303 ரக லீ என்ஃபீல்டாகப் பிறந்த உடம்பு. முன்கட்டையின் குறுக்கே கூடுதலாக ஒரு திருகாணி. அதுவும் ஈஷாபூர் வழக்கம்தான்.

ஆனால் குழல் வேறு கதை சொன்னது. அதன் அடிப்பாகத்தில் 410 என்று வெட்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் சுருள் வரிகளே இல்லை. கண்ணாடி போல் வழவழப்பு. பத்துத் தோட்டா போடும் மேகசின் இடத்தை மரக்கட்டை அடைத்திருந்தது. போல்ட்டின் எண்ணும் உடம்பின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. அதாவது போல்ட் பிறகு மாற்றப்பட்டது.

இது ஈஷாபூரில் போலீஸ்காரர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் என்று மாற்றி அமைத்த 410 மஸ்கட். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். கலகத்தில் பிடுங்கப்பட்டாலும், தொலைதூரம் குறிவைக்கும் ராணுவத் துப்பாக்கியாக அது எதிராளிக்கு உதவாது. ஏற்பாடு அதற்குத்தான்.

இந்த யோசனை புதிதல்ல. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டின் வரிகளை நீக்கி, குழலை அகலப்படுத்திக் கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி. குறி மட்டும் போய்விட்டது. நல்ல கருவியைக் கெடுப்பதற்கென்றே ஒரு பொறியாளர் உட்கார்ந்து வரைபடம் போட்டிருப்பார் என்று நினைக்கும்போது மனம் கசக்கிறது. ஆட்சிக்குத் தன் சிப்பாயிடம் எவ்வளவு நம்பிக்கை என்பதைக் குழலின் உட்புறமே சொல்லிவிடுகிறது.

முத்திரை ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. லாக் பிளேட்டில் 1857 என்றே வெட்டியிருக்கும். ஆனால் குழலின் பின்பகுதி பக்கவாட்டில் கீல் போட்டுத் திறக்கும். அது ஜேக்கப் ஸ்னைடர் என்ற அமெரிக்கரின் முறை. பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது 1866இல். பழைய என்ஃபீல்டுகளை வீணாக்காமல், பின்புறத்தை வெட்டி இந்த அமைப்பைப் பொருத்தினார்கள். லாக் பிளேட்டின் வயது ஒன்று, துப்பாக்கி இன்றைய உருவம் பெற்ற வயது வேறு. நம் ஊர்க் கோயில்களில் மண்டபம் ஒரு காலம், கோபுரம் ஒரு காலம் என்பது போலத்தான்.

அன்பரின் வீட்டாருக்கு நான் சொன்னது இதுதான். இது 1857 அல்ல. நல்ல நிலையில் உள்ள, சுடக்கூடிய ஆயுதம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழம்பொருளுக்குத் தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாதவற்றுக்கே. காகிதம் இல்லாமல் விற்றால் வாங்கியவரோடு விற்றவரும் மாட்டுவார். தகப்பனார் லைசென்ஸ் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. இளையவர் முகம் வாடியது. ஆனாலும் ரொக்கக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூத்தவர் தம் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறார்.

இப்படி ஏதாவது உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். இருந்தால், குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். துருவைத் தேய்க்கிறேன் என்று முத்திரையை அழித்துவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லை என்றால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அதன் பூர்வீகத்தைப் பிறகு சாவகாசமாகப் படிக்கலாம். இரும்பு எங்கும் ஓடிப்போகாது.