வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தையின் நோட்டைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். "வரவில்லை" என்பதை "வர வில்லை" என்று இரண்டாகப் பிளந்து எழுதியிருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். "இதுகூடவா தெரியவில்லை?" என்று நீங்களும் அதட்டப் போகிறீர்கள். சற்றுப் பொறுங்கள், அம்மா! ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பெரிய பண்டிதர்களையே திணற வைக்கும் கேள்வி.

காகிதத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேச்சில் விடுகிறோமா? மூச்சு வாங்கும்வரை ஒரே ஓட்டம்தான். அந்த ஓட்டத்தில் சொல்லைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மொழியும் காதுக்குச் சில அடையாளங்களைத் தருகிறது.

ஹங்கேரி நாட்டு மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தச் சொல்லானாலும் முதல் அசையில்தான் அழுத்தம். இது ஓர் அடையாளம். மற்றொன்று, உயிரொலிகளின் ஒற்றுமை. நாக்கு பின்வாங்கிப் பிறப்பவை, முன்னே வந்து பிறப்பவை என்று உயிர்கள் இரண்டு வகை. ஒரே சொல்லுக்குள் இவை பெரும்பாலும் கலப்பதில்லை. வேற்றுமை உருபுகூட இதற்கேற்ப வேஷம் மாற்றிக்கொள்ளும். "ஹாஸ்" என்றால் வீடு. வீட்டில் என்பதற்கு "ஹாஸ்பன்". "கெர்ட்" என்றால் தோட்டம். தோட்டத்தில் என்பதற்கு "கெர்ட்பென்". பன், பென் இரண்டும் ஒரே உருபுதான்!

இந்த இரண்டு அடையாளங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டால்? அதற்குத் தலைநகரின் பெயரே சாட்சி. டான்யூப் நதியின் மேற்கே புடா, கிழக்கே பெஷ்ட். 1873-ல் இவையும் ஓபுடா என்ற ஊரும் சேர்ந்து புடாபெஷ்ட் ஆயின. அழுத்தத்தைக் கேட்டால் அது ஒரே சொல். முதல் அசைதான் ஓங்குகிறது. உயிர்களைக் கேட்டாலோ இரண்டு சொல்! புடாவின் உயிர்கள் ஒரு வகை, பெஷ்டின் உயிர் வேறு வகை. உருபு வந்தால் பக்கத்திலிருக்கும் பெஷ்டையே அனுசரிக்கும். கூட்டுக் குடும்பங்களில் பார்த்திருப்பீர்களே, வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு என்று? அதே கதைதான்.

இத்தனை சிக்கலையும் பச்சைக் குழந்தைகள் அவிழ்த்துவிடுகின்றன. அமெரிக்காவில் 8 மாதக் குழந்தைகளுக்கு, இடைவெளியே இல்லாத பொருளற்ற அசைத் தொடர் ஒன்றை 2 நிமிஷம் கேட்கச் செய்தார்கள். எந்த அசைக்குப் பின் எது தவறாமல் வருகிறது என்பதைக் கவனித்தே அவை "சொற்களை" இனம் கண்டுகொண்டன. 1996-ல் வெளியான ஆராய்ச்சி இது. ஆகவே, தொட்டிலில் கிடக்கும் குழந்தையுடன் பேசுவதை, "அதற்கென்ன புரியும்?" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இனி அந்த நோட்டுக்கு வருவோம். "வர", "இல்லை" என்ற இரண்டையும் இணைக்க வந்த வகரம், காதுக்கு "வில்லை" என்றே ஒலிக்கிறது. குழந்தை கேட்டபடி எழுதிவிட்டது. பிழையைத் திருத்துங்கள், ஆனால் அதன் காதைத் திருக வேண்டாம். அது நன்றாகவே கேட்டிருக்கிறது!