பேட்டரியை மிச்சப்படுத்தும் கேள்விகள்

கோடை வந்தால் நாமக்கல் கோழிப் பண்ணைகளில் கவலைதான். கொட்டகையில் சூடு ஏறினால் கோழிகள் தீனி எடுப்பது குறையும், முட்டையும் குறையும், சில கோழிகள் இறந்தும் போகும். ஒவ்வொரு கொட்டகையிலும் வெப்பம் அளக்கும் சென்சாரைப் பொருத்தி, வயர் இல்லாமலே அலுவலகக் கம்ப்யூட்டருக்குத் தகவல் வரச் செய்யலாம். இதுவே வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்.

உங்கள் கம்ப்யூட்டர் கரண்டில் ஓடுகிறது. இந்த சென்சாரோ பேட்டரியை நம்பி இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான 'மைக்கா' சென்சார், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவது போன்ற 2 பேட்டரிகளில் இயங்கியது. அதில் ஒரு பிட் தகவலை ரேடியோவில் அனுப்பச் செலவாகும் சக்தியில் சுமார் 800 கட்டளைகளை இயக்கிவிடலாம் என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் எழுதினார்கள். அதாவது, கணக்குப் போடுவது மலிவு, பேசுவதுதான் செலவு. இதை வைத்தே 'டைனி டிபி' என்ற சாஃப்ட்வேரை உருவாக்கினார்கள். டேட்டாபேஸில் கேட்பது போலவே சென்சார்களிடம் இதில் கேள்வி கேட்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 10 கொட்டகைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு சென்சாரும் அடுத்ததன் வழியாகவே அலுவலகத்தை எட்ட முடியும். "மிக அதிக வெப்பம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். எல்லா எண்களையும் அப்படியே கடத்தினால் மொத்தம் 55 முறை அனுப்ப வேண்டும். அலுவலகத்தை ஒட்டிய சென்சார் மட்டுமே 10 முறை அனுப்பும். அதன் பேட்டரி முதலில் தீர்ந்தால் பின்னால் உள்ள ஒன்பதும் துண்டிக்கப்படும். மாறாக, வந்த எண்ணையும் தன் எண்ணையும் ஒப்பிட்டு, பெரியதை மட்டும் கொட்டகை எண்ணுடன் அனுப்பினால் ஆளுக்கு ஒரு முறை, மொத்தம் 10 முறைதான்!

சராசரி கேட்டால் கவனம் தேவை. வெப்பம் 30, 30, 36 என்றால் சராசரி 32. முதல் இரண்டின் சராசரியான 30-ஐ மட்டும் அனுப்பி, அதை 36-உடன் சேர்த்துச் சராசரி எடுத்தால் 33 என்று தவறாக வரும். எனவே கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் அனுப்ப வேண்டும்.

"35 டிகிரியைத் தாண்டினால் மட்டும் சொல்" என்று கேட்டால் பேட்டரி இன்னும் மிச்சமாகும். ஆனால் சென்சார் பேசாமல் இருந்தால், சூடு இல்லையா, பேட்டரி இல்லையா என்பது தெரியாது. ஆகவே நான் சொல்வது இதுதான்: சிறிது பேட்டரி செலவானாலும், குறித்த இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று ஒரு தகவல் வரும்படி வையுங்கள்.