பத்திரம் சொல்வதும் ஊர் அறிந்ததும்

இந்தியாவின் எந்தச் சிறு நகரத்திற்குச் சென்றாலும் சார் பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரே விதமான தெருவைக் காணலாம். முத்திரைத்தாள் விற்பவர், பத்திர எழுத்தர், ஒளிநகல் எடுக்கும் கடை, தேநீர்க் கடை ஆகியோருக்கு நடுவே, பெயர்ப்பலகை ஏதுமின்றி அமர்ந்திருப்பவர் ஊர் நிலத் தரகர். பணிக்கொடையைக் கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் ஓர் ஏக்கர் வாங்க விரும்பும் வாடிக்கையாளரும், பிள்ளையின் படிப்புச் செலவுக்காகப் பூர்விக நிலத்தை விற்க முன்வரும் விவசாயியும் முதலில் சந்திப்பது இவரைத்தான். வங்கிக்கு வருவது அதன் பின்னரே. பல வேளைகளில் முன்பணம் கைமாறிய பின்னரே நம்மிடம் ஆலோசனை கேட்கிறார்கள்.

தரகரை நம்பலாமா என்று வாடிக்கையாளர்கள் அடிக்கடி வினவுகின்றனர். அவர் எதை அறிந்தவர், எதை அறியாதவர் என்று தெரிந்துகொண்டால் இக்கேள்விக்கு விடை எளிது. நிலத்தைப் பற்றிய செய்தி நம் நாட்டில் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரு பகுதி அரசு ஏட்டில் உள்ளது; மறு பகுதி ஊரார் நினைவில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணத்தை வெளியே எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

தரகர் அறிந்தவை

ஊர்த் தரகர்களில் பலர் இதை முழுநேரத் தொழிலாகச் செய்வதில்லை. ஒருவர் உரக்கடை வைத்திருப்பார். இன்னொருவர் நெல் வியாபாரம் செய்வார். திருமண வீடு, துக்க வீடு, திருவிழா, வாரச் சந்தை ஆகிய இடங்களில் காதில் விழும் செய்தியே அவர்களுடைய முதலீடு. எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினை முடிந்தது, எந்த வீட்டில் மருத்துவச் செலவு ஏறியது, எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்த வயலில் மழைக்காலத்தில் பல நாட்கள் தண்ணீர் தேங்கி நிற்கும் என்பவையெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

விலையும் அவ்வாறே. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வையைக் கணக்கிடப் பயன்படுகிறது. பக்கத்து நிலம் உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று, அதை விற்றவர் என்ன நெருக்கடியில் விற்றார் என்பதைத் தரகரே அறிவார். சிற்றூரில் நிலம் வெறும் சரக்கன்று. வெளியாளுக்கு விற்குமுன் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது பல ஊர்களில் வழக்கம். அவ்வாறு கேட்காமல் விற்ற நிலத்தை வாங்கியவர், வரப்புத் தகராறோடுதான் முதல் சாகுபடியைத் தொடங்குகிறார். இந்த மனத்தாங்கலை எந்தச் சான்றிதழும் காட்டாது.

ஏடு சொல்வதும் சொல்லாததும்

தரகரின் அறிவு முடியும் இடத்தில் ஏடு தொடங்குகிறது. ஆயினும் ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி நம் நாட்டில் பதிவு செய்யப்படுவது ஆவணம். ஒருவர் மற்றொருவருக்கு விற்றதாக எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது சான்று. விற்றவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்தது என்று அரசு உத்தரவாதம் அளிப்பதில்லை. பதிவாகிவிட்டதால் சொத்து உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கை இதனால்தான் பலரை வழக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

வருவாய்த் துறை ஏடு மற்றொன்று. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் என்கிறோம். கர்நாடகத்தில் அது பஹணி. மகாராஷ்டிரத்தில் ஏழாம் படிவத்தையும் பன்னிரண்டாம் படிவத்தையும் சேர்த்துச் 'சாத்பாரா' என்பர். பஞ்சாபிலும் அரியானாவிலும் ஜமாபந்தி. உத்தரப் பிரதேசத்தில் கதௌனி. இவற்றைப் பேணும் அலுவலரும் மாநிலத்திற்கேற்பக் கிராம நிர்வாக அலுவலர், தலாட்டி, பட்வாரி, லேக்பால் என்று அழைக்கப்படுகிறார். பெயர் வேறாயினும் அடிப்படை ஒன்றே: நிலவரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காகத் தோன்றிய ஏடுகள் இவை. பெயர் மாற்றம் மட்டுமே உரிமையை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது.

2008 இல் தொடங்கிய தேசிய நில ஆவண நவீனமயத் திட்டத்தின் பயனாக இந்த ஏடுகளில் பெரும்பாலானவற்றை இன்று கணினியில் காணலாம். 2020 இல் தொடங்கிய 'சுவாமித்வா' திட்டம், ஊர்க் குடியிருப்புப் பகுதிகளை ட்ரோன் கொண்டு அளந்து, வீட்டு உரிமையாளர்களுக்குச் சொத்து அட்டை வழங்குகிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் ஏட்டில் பழைய பிழை இருந்தால், கணினியும் அதே பிழையைத்தான் காட்டும்.

வில்லங்கச் சான்றும் பதிவான நடவடிக்கைகளை மட்டுமே பட்டியலிடுகிறது. உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாய்மொழிக் குத்தகையும், நிலுவையில் உள்ள பல வழக்குகளும் சான்றில் இடம்பெறுவதில்லை. பத்திரத்தை ஒப்படைத்துப் பெறும் அடமானமும் எல்லா மாநிலங்களிலும் அதில் ஏறுவதில்லை. "சான்றில் வில்லங்கம் இல்லை" என்பதை "வில்லங்கமே இல்லை" என்று பொருள் கொள்ளலாகாது.

கையெழுத்துப் போடாத வாரிசு

எடுத்துக்காட்டாக, இரண்டு ஏக்கர் நிலம் விற்பனைக்கு வருகிறது எனக் கொள்வோம். தந்தை உயில் எழுதாமல் காலமானார். பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறிவிட்டது. பயிர் செய்பவரும் அவரே. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. தரகர், "தம்பி வெளியூரில் இருக்கிறார், தங்கையைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்களால் தொந்தரவு இல்லை" என்கிறார். ஏடும் தூய்மையாக இருக்கிறது, ஊரும் நல்ல வார்த்தை சொல்கிறது.

எனினும் இந்துக் குடும்பமாயின், அந்த நிலத்தில் தம்பிக்கும் தங்கைக்கும் உரிமை உண்டு. தாய் உயிருடன் இருந்தால் அவருக்கும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையை அளித்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேலும், வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், அதை வாங்குவதில் பிற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்பது 2019 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. வாரிசுகளில் சிறார் இருந்தால், அச்சிறாரின் தனிச்சொத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி விற்க இயலாது.

தரகர் இங்கே பொய் சொல்லவில்லை. தங்கை இதுவரை கேட்டதில்லை என்பதே அவர் அறிந்தது. கேட்காதிருப்பது வேறு, விட்டுக்கொடுத்து எழுதித் தருவது வேறு. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். அந்தச் சான்றில் எல்லோருடைய பெயரும் வந்துள்ளதா என்று ஊரில் விசாரிக்க வேண்டிய இடம் இது. இங்கே தரகரின் நினைவு ஏட்டைத் திருத்த உதவுகிறது.

வரப்பு, வழி, அளவு

நிலத்தை ஒரு முறையேனும் நான்கு எல்லையும் நடந்து பாருங்கள். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும், புலப்படமும், தரையில் உள்ள வரப்பும் ஒத்துப்போகின்றனவா என்பதை உரிமம் பெற்ற நில அளவையரைக் கொண்டு உறுதிசெய்வது நல்லது. பாதையைத் தனியாகக் கவனியுங்கள். பக்கத்து நிலத்தின் வழியே வண்டி போய்வருவது அந்த உரிமையாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் இருக்கலாம். நிலம் கைமாறியதும் அந்த நல்லெண்ணம் நின்றுபோகக்கூடும். 20 ஆண்டுகள் இடையறாது, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய வழிக்கு 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அதை நிலைநாட்ட வேண்டியவர் நீங்களே. உங்கள் நிலத்தின் குறுக்கே பிறருக்கு அத்தகைய உரிமை இருக்கவும் கூடும். பொதுக் கிணற்றில் முறை எப்படி, வாய்க்கால் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பவற்றைப் பக்கத்து விவசாயியிடம் கேட்டறியலாம்.

அளவுச் சொற்களும் ஏமாற்றும். ஓர் ஏக்கர் 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் 40 குண்டா ஓர் ஏக்கர். ஒரு குண்டா 1,089 சதுர அடி. வட மாநிலங்களில் வழங்கும் 'பீகா' இடத்துக்கு இடம் மாறுபடும். வாய்ப்பேச்சில் ஊர் அளவு வழங்கினாலும், ஒப்பந்தத்தில் ஏட்டில் உள்ள அளவையே எழுதச் செய்யுங்கள்.

எல்லோரும் எல்லாம் வாங்க இயலாது

வேலையின் பொருட்டு வேறு மாநிலத்தில் குடியேறிய தமிழ் வாடிக்கையாளர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதற்குத் தடை உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118 ஆம் பிரிவு இதே போன்ற கட்டுப்பாட்டை விதிக்கிறது. கர்நாடகத்தில் நெடுங்காலம் இருந்த தடை 2020 இல் நீக்கப்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

விற்பவருக்கே விற்க உரிமையில்லாத நிலங்களும் உண்டு. பழங்குடியினர் நிலத்தைப் பிறர் வாங்குவதைப் பல மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. பட்டியலினத்தவர்க்கு அரசு வழங்கிய நிலங்களின் கைமாற்றத்தைக் கர்நாடகத்தில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கும் அத்தகைய நிபந்தனை உண்டு. சந்தை விலையைவிட மிகக் குறைவாக நிலம் கிடைக்கிறது என்றால், முதலில் எழவேண்டிய கேள்வி இதுவே.

முன்பணம் கொடுக்குமுன்

முதலாவதாக, அசல் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். ஒளிநகலை மட்டும் காட்டுபவரிடம், அசல் எங்கே என்று கேளுங்கள். அது ஒரு வங்கியின் பெட்டகத்தில் அடமானமாக இருக்கக்கூடும். நிதி நிறுவனங்களின் அடமானங்களைப் பதியும் 'செர்சாய்' என்னும் மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்கி வருகிறது. சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அதில் தேடலாம்.

இரண்டாவதாக, 30 ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெற்று, வழக்கறிஞரின் எழுத்து மூலமான கருத்தைக் கேளுங்கள். நிலத்தின் பேரில் கடன் வழங்குமுன் வங்கிகளும் இவ்வாறே செய்கின்றன.

மூன்றாவதாக, பொது அதிகாரப் பத்திரத்தையும் கிரய ஒப்பந்தத்தையும் மட்டும் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றால் உரிமை மாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று 2011 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நான்காவதாக, பணத்தை வங்கிக் கணக்கின் வழியாகவே செலுத்துங்கள். அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, பேரம் முறியும் நாளில் வங்கிக் கணக்கு அறிக்கையே உங்கள் சாட்சி. தரகருக்குத் தரும் கமிஷனையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டு, பெரும்பகுதியைப் பதிவு முடிந்த பின் கொடுப்பது இரு தரப்புக்கும் நலம். பேரம் முடிந்தால்தான் பணம் என்னும்போது தரகரின் அக்கறை விற்பனையை முடிப்பதில்தான் இருக்கும். ஆகவே வழக்கறிஞரைத் தரகரே அமர்த்தித் தர வேண்டாம், நீங்களே தேர்ந்தெடுங்கள்.

நல்ல தரகர் இந்தக் கேள்விகளால் மனம் வருந்துவதில்லை. பேரம் முடிந்த பின்னும் அதே தெருவில், அதே ஊராரின் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். சந்தேகத்துக்கு இடமான நிலத்தை விற்றுக்கொடுத்தால் அவர் பெயரும் கெடும். அவரிடம் ஊரைப் பற்றிக் கேளுங்கள். வழக்கறிஞரிடம் ஏட்டைப் பற்றிக் கேளுங்கள். இருவர் சொல்லும் ஒத்துப்போகாத இடத்தில், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முன்பணத்தை நிறுத்தி வையுங்கள்.