மணப்பாட்டுக் குகை

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் இன்றும் உண்டு. சந்தடி மிகுந்த இந்தக் கடற்கரைக்கும் தியானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள மணப்பாட்டுக்கு ஒரு தரம் போய்வர வேண்டும்.

கடலுக்குள் நீண்டு நிற்கிறது ஒரு மணற்குன்று. அதன் மேலே திருச்சிலுவைக் கோயில். கீழே பாறைச் சரிவில், கடலைப் பார்த்தபடி ஒரு சிறு குகை. புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவருக்கு முன்பே ஓர் இந்துத் துறவி இங்கே தவமிருந்தார் என்பதும் ஊர் வழக்கு. தனிமையைத் தேடுகிறவர்களுக்குச் சமயம் எதுவானாலும் இடம் ஒன்றுதான் போலும்!

சவேரியார் 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தார். வந்த நாள் முதல் அவருக்கு ஓய்வு ஏது? அந்த மாதம் 28-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து தம் குரு இஞ்ஞாசியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு, ஏதாவது ஒரு ஜெபம் கற்றுக் கொடுக்கும் வரையில் உண்ணவும் உறங்கவும், தம்முடைய ஜெபத்தைச் சொல்லவும்கூட விடுவதில்லை என்கிறார் அதில். 1544-இல் வடுகர் படை புகுந்தபோது பரதவ மக்கள் குமரி முனையை அடுத்த பாறைகளில் ஒளிந்து பசியால் வாடினார்கள். மணப்பாட்டிலிருந்து படகுகளில் உணவு ஏற்றிக்கொண்டு அவர்களைத் தேடி ஓடியவரும் இவரே.

இத்தகைய மனிதர் குகைக்குள் போய் உட்கார்ந்தது வேலைக்குப் பயந்தா? அப்படி நினைப்பது தவறு. இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினிலுள்ள மன்ரேசா என்ற ஊரில், ஒரு குகையில் தனித்திருந்து தியானித்தவர். அங்கே பிறந்ததே அவருடைய தியான முறை. பாரிஸில் தத்துவம் போதித்துக்கொண்டிருந்த சவேரியார் 1534-இல் அந்த முறைப்படி ஏறக்குறைய ஒரு மாதம் தனித்திருந்தார். நம் கத்தோலிக்க மக்கள் ‘ஞான ஒடுக்கம்’ என்று அழகாகச் சொல்கிறார்களே, அதுதான் இது.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்னும் சுவையானது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன என்று சொல்லும் அதே கடிதத்தில், ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களுக்குப் போய்ப் பைத்தியக்காரனைப் போல் உரக்கக் கத்த வேண்டும் போலிருக்கிறது என்கிறார். எதற்காக? படித்தவர்கள் தியானத்தில் அமர்ந்து, கடவுளின் சித்தம் என்னவென்று தங்கள் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டுமாம்!

மறு ஆண்டு அவரே அப்படிக் கேட்கும்படி ஆயிற்று. முத்துக்கரையில் இருப்பதா, கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா? உடனே முடிவு செய்யவில்லை. மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே மாதக்கணக்கில் தங்கி ஜெபித்தார். தெளிவு பிறந்த பிறகோ தயக்கமே இல்லை. மலாக்காவுக்குக் கப்பல் கிடைக்காவிட்டால் கட்டுமரத்திலாவது போவேன் என்று எழுதிவிட்டார். கட்டுமரத்தில் வங்கக் கடலைத் தாண்டுவது எப்படிப்பட்ட காரியம் என்பது நம் மீனவர்களுக்குத் தெரியும்!

குருக்களுக்குத் தியானம் சரி, கடலோடிக்கு? அந்தக் கேள்விக்கு விடை தந்தவர் புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார். 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அதே அடிகளார்தான். இரண்டு வருஷம் கழித்து, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஒருவன் தன் மனசாட்சியைச் சோதித்துக்கொள்ள உதவும் நூலொன்றையும் தமிழில் வெளியிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களிலேயே ஒன்று, ‘உன்னையே நீ விசாரித்துக்கொள்’ என்று வாசகனைத் தனியே உட்கார்த்தி வைத்த புத்தகம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

செப்டம்பர் 14-ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழாவின்போது மணப்பாட்டில் ஜனத்திரள் நிரம்பி வழியும். குகையின் அமைதியை நாடுகிறவர்கள் வேறொரு மாதத்தில், விடியற்காலையில் போவதே உசிதம்.