பருவம் தொடங்குமுன் பந்துவீச்சாளரை மதிப்பிடுவது எப்படி?

தொண்டைமானாறு என்றதும் அடியார்களுக்குச் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் நினைவுக்கு வரும். கமக்காரர்களுக்குக் கடனீரேரியின் வாயிலில் அமைந்துள்ள தடுப்பணை நினைவுக்கு வரும். வடபுலத்து உயர்தர வகுப்பு மாணவர்களுக்கோ வெளிக்கள நிலையமும் அதன் வினாத்தாள்களுமே முதலில் தோன்றும். அந்த வினாத்தாள்களுக்கு விடை எழுதுவதால் எவரும் பல்கலைக்கழகம் செல்வதில்லை. ஆனால் எந்தப் பாடத்தில், எந்த அலகில் தாம் பலவீனமாக உள்ளோம் என்பதை உண்மையான பரீட்சைக்கு முன்னரே மாணவர் அறிந்துகொள்கின்றனர். திருத்திக்கொள்வதற்குக் காலமும் கிடைக்கின்றது. முன்னோடி மதிப்பீடு ஒன்றின் பயன் இதுவேயாகும்.

படிப்பில் நாம் ஏற்றுக்கொண்ட இந்த முறையை விளையாட்டில் ஏன் கைக்கொள்வதில்லை என்ற கேள்வி ஆண்டுதோறும் மாரி மழை ஓயும்போது எழுகின்றது. தை பிறந்ததும் வடக்கின் பாடசாலை மைதானங்கள் மீண்டும் உயிர் பெறுகின்றன. மாசி, பங்குனி மாதங்களில் பெரும் போட்டிகள் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென்.ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமரின் வரலாறு 1904 ஆம் ஆண்டு வரை பின்செல்கின்றது. சென்.பற்றிக்ஸ் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் பொன் அணிகளின் போருக்கும் தனியான ரசிகர் கூட்டம் உண்டு. இப்போட்டிகளுக்கு முன்னர் துடுப்பாட்ட வீரர்களைப் பற்றியே பேச்சு மிகுதியாக இருக்கும். பந்துவீச்சைப் பற்றிக் கேட்டால், "போன வருடம் இத்தனை விக்கெட் எடுத்தவன் இருக்கின்றான்" என்ற ஒற்றை விடையோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒருவன் எத்தனை ஓவர்கள் வீசினான், அவனது உடல் எந்நிலையில் உள்ளது, அவன் இல்லாதபோது யார் வீசுவார் என்பவற்றை எவரும் கேட்பதில்லை.

இவ்விடயத்தில் நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும் செல்வாக்குப் பெற்ற பேஸ்போல் விளையாட்டில் ஆட்டத்தின் மையமாக இருப்பவர் பந்தெறிவாளர். அமெரிக்காவின் உயர்நிலைத் தொடரில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்களில் விளையாடுகின்றது. எத்துணை வல்லவராயினும் ஒருவரால் நாள்தோறும் பந்தெறிய முடியாது. எனவே ஆட்டத்தைத் தொடங்குவதற்கென ஐந்து பேரளவில் வைத்துக்கொண்டு, முறைவைத்து அவர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றனர். அவர்கள் களைத்ததும் இடையில் வந்து எறிவதற்கும், இறுதிக் கட்டத்தில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பதற்கும் வேறு சிலர் உளர். மாசி மாதத்தில் பயிற்சி முகாம் கூடும்போது அணி நிருவாகம் கேட்கும் முதற் கேள்வி "நம்மிடம் சிறந்தவர் யார்?" என்பதன்று. "இப்பருவம் முழுவதையும் தாங்குவதற்கு நம்மிடம் எத்தனை பேர் உளர்?" என்பதேயாகும்.

இக்கேள்வியை நமது பாடசாலை அணிகளும் கழகங்களும் கேட்கத் தொடங்கினால் மதிப்பீடு நான்கு படிகளில் அமையும்.

முதலாவது, பணிகளைப் பிரித்துப் பார்த்தல். புதிய பந்தை இரு முனைகளிலிருந்தும் வீசுவதற்கு இருவர், அவர்கள் ஓய்வெடுக்கும்போது ஓட்டங்களைக் கட்டுப்படுத்த ஒருவர், பழைய பந்தில் விக்கெட் வீழ்த்தக்கூடிய சுழற்பந்துவீச்சாளர் இருவர் என ஒரு பட்டியலை எழுதிப் பார்க்கலாம். எந்த இடத்தில் ஒரே பெயர் இரண்டு தடவை வருகின்றதோ, அங்கேதான் அணியின் பலவீனம் உள்ளது. அந்த மாணவனுக்குக் காய்ச்சல் வந்தாலோ கணுக்கால் சுளுக்கினாலோ இரண்டு பணிகள் ஒருங்கே வெற்றிடமாகிவிடும்.

இரண்டாவது, எண்களைச் சரியாக வாசித்தல். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் கடந்த பருவத்தில் 40 ஓவர்கள் வீசி 120 ஓட்டங்களைக் கொடுத்து 12 விக்கெட்டுகளைக் கைப்பற்றினான் எனக் கொள்வோம். விக்கெட் ஒன்றுக்கு 10 ஓட்டங்கள் என்ற அவனது சராசரி எவரையும் கவரும். மற்றொருவன் 250 ஓவர்கள் வீசி 600 ஓட்டங்களுக்கு 30 விக்கெட்டுகளை எடுத்துள்ளான். அவனது சராசரி 20. மேலோட்டமாகப் பார்த்தால் முன்னவனே சிறந்தவன். ஆனால் முன்னவனின் 12 விக்கெட்டுகளில் 8, பலவீனமான ஓர் அணிக்கு எதிராக 10 ஓவர்களில் 20 ஓட்டங்களுக்குக் கிடைத்தவையாக இருந்தால் கணக்கு மாறிவிடும். எஞ்சிய 30 ஓவர்களில் அவன் 100 ஓட்டங்களைக் கொடுத்து 4 விக்கெட்டுகளையே எடுத்திருக்கின்றான். அவற்றின் சராசரி 25. பின்னவனோ ஓவருக்கு 2.4 ஓட்டங்களை மட்டும் கொடுத்துப் பருவம் முழுவதும் அணியைத் தாங்கி நின்றவன். சிறிய தொகையை வைத்துப் பெரிய முடிவுக்கு வருதல் ஆகாது.

பேஸ்போல் கணக்காளர்கள் இதனினும் ஒருபடி மேலே சென்றுள்ளனர். எறிந்த பந்தைப் பிடிப்பதும் தவறவிடுவதும் களத்தில் நிற்கும் பிறரைப் பொறுத்தவை. ஆகவே, பந்தெறிவாளர் தாமாகவே ஆட்டமிழக்கச் செய்தவை, தாமாகவே இலவசமாகக் கொடுத்தவை ஆகியவற்றை அவர்கள் தனியே பிரித்துப் பார்க்கின்றனர். கிரிக்கெட்டிலும் இது பொருந்தும். தவறவிடப்பட்ட பிடிகளைப் புள்ளி ஏட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால் உண்மையில் நன்றாக வீசியவன் யார் என்பது தெரியவரும். வைட், நோபோல் ஆகியவற்றுக்கோ களத்தடுப்பாளரைக் குறைகூற முடியாது. விரிப்பு விரித்த ஆடுகளத்தில் எடுத்த விக்கெட்டுகளையும் புற்றரை ஆடுகளத்தில் எடுத்தவற்றையும் வேறுவேறாக எழுதுவதும் அவசியம். விரிப்பில் எழும்பும் பந்து புற்றரையிலும் அவ்வாறே எழும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மூன்றாவது, வலைப் பயிற்சியில் நேரடியாகச் சோதித்தல். நல்ல அளவில் விழும் பந்துக்கான இடத்தை ஆடுகளத்தில் குறித்துவிட்டு, ஒவ்வொருவரையும் 30 பந்துகள் வீசச் செய்து எத்தனை பந்துகள் அங்கு விழுந்தன என்று எண்ணினாற் போதும். களைப்பின் பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு, போட்டியின் மாலை வேளையில் யாரை நம்பலாம் என்பதைச் சொல்லிவிடும். இதற்குச் செலவில்லை. சுண்ணாம்பும் பொறுமையும் இருந்தாற் போதுமானது. பந்துவீசும் முறையில் ஐயம் இருப்பின் அதனையும் இப்போதே கவனித்துத் திருத்த வேண்டும். முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்ற எல்லையைச் சர்வதேச கிரிக்கெட் சபை 2005 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனே எத்தனை சோதனைகளுக்கு முகங்கொடுத்தார் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

நான்காவது படியே மிக முக்கியமானது. அது மாணவனின் உடல் பற்றியது. வேகப்பந்து வீசும்போது முதுகு ஒரே கணத்தில் வளைந்து, சாய்ந்து, திரும்புகின்றது. முன்கால் நிலத்தில் மோதும் விசை உடல் நிறையின் பன்மடங்காக முள்ளந்தண்டுக்கு ஏறுகின்றது. பதின்ம வயதில் என்புகள் முற்றாக வலுப்பெறாத நிலையில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் கீழ் முதுகென்பில் மெல்லிய வெடிப்பு உண்டாகலாம். தொடக்கத்தில் அது சாதாரண முதுகு நோவாகவே தோன்றும். தைலம் பூசிக்கொண்டு மீண்டும் வீசுவான். ஈற்றில் பல மாதங்கள் படுத்தெழ நேரும்.

அவுஸ்திரேலியாவின் பற் கமின்ஸ் 2011 கார்த்திகையில் தமது 18 ஆவது வயதில் ஜொகன்னஸ்பேர்க்கில் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடி ஆட்டநாயகனானார். முதுகு உபாதை உள்ளிட்ட தொடர் காயங்களால் அவர் தமது இரண்டாவது டெஸ்ட் போட்டியில் ஆடியது 2017 பங்குனியிலேயே. செல்வமும் மருத்துவ வசதியும் நிறைந்த நாட்டின் வீரருக்கே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றன. நமது கிராமத்துப் பிள்ளைக்கு அத்தகைய மறுவாய்ப்பு எங்கிருந்து கிடைக்கும்?

ஜப்பானில் பாடசாலைப் பேஸ்போல் நமது பெரும் போட்டிகளைப் போன்றே ஒரு திருவிழாவாகும். 1998 ஆம் ஆண்டின் கோடைகாலத் தொடரில் யோக்கோஹாமா உயர்நிலைப் பாடசாலையின் டைசுக்கே மற்சுசாக்கா காலிறுதியில் ஒரே ஆட்டத்தில் 250 பந்துகளை எறிந்தார். நாடே அவரைக் கொண்டாடியது. அப்பாடசாலை வெற்றிக் கிண்ணத்தையும் சுவீகரித்தது. எனினும் இத்தகைய வீரக்கதைகளுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் விலை என்ன என்ற விவாதம் அந்நாட்டில் ஓயவில்லை. 2020 இல் பாடசாலைப் பந்தெறிவாளர் ஒருவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்ற விதி அங்கு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் வழிகாட்டலோ 17, 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 105 பந்துகள் என்ற எல்லையை வகுத்து, 81 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகளை எறிந்தவர் நான்கு நாட்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்கின்றது. கிரிக்கெட்டிலும் இத்தகைய வரையறைகள் உள்ளன. இங்கிலாந்து கிரிக்கெட் சபை கைக்கொண்டிருந்த ஒரு வழிகாட்டலில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்துவீச்சாளர் தொடர்ச்சியாக 6 ஓவர்களும் நாளொன்றுக்கு 12 ஓவர்களும், 17 வயதுக்குட்பட்டவர் தொடர்ச்சியாக 7 ஓவர்களும் நாளொன்றுக்கு 18 ஓவர்களும் மட்டுமே வீசலாம் என்று கூறப்பட்டது.

வடபுலத்தில் இப்பிரச்சினைக்குத் தனியானதொரு முகம் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழையால் மைதானங்கள் ஈரமாகவே கிடக்கின்றன. அக்காலத்தில் பந்து தொடாத மாணவன் தை மாதத்தில் திடீரென வாரத்துக்கு இரண்டு போட்டிகளில் நாள் முழுவதும் வீச நேர்கின்றது. மொத்தச் சுமையைக் காட்டிலும் சுமை சடுதியாக ஏறுவதே உடலுக்குக் கூடிய ஆபத்து. மார்கழியில் வாரத்துக்குச் சில ஓவர்களாயினும் வீசத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் செல்வதே பொருத்தமானது.

மற்றொன்று மென்பந்து. வடமராட்சிக் கரையோரக் கிராமங்களில் வார இறுதி தோறும் கழகங்களுக்கிடையிலான மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. பாடசாலையில் சனிக்கிழமை கடினப்பந்து வீசியவன் ஞாயிறன்று ஊர்க் கழகத்துக்கு மென்பந்து வீசுகின்றான். பாடசாலைப் பயிற்றுநருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்குத் தெரியாது. கழகத்தவருக்குச் சனிக்கிழமைக் கணக்குத் தெரியாது. இரண்டையும் அறிந்தது அவனுடைய முதுகு ஒன்றே. ஆதலால் ஒவ்வொரு பந்துவீச்சாளனும் எங்கு வீசினாலும் அன்றைய பந்துகளின் எண்ணிக்கையை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி, திங்கட்கிழமை பயிற்றுநரிடம் காட்டும் வழக்கம் வரவேண்டும்.

முஸ்லிம் மாணவர் குறித்தும் இங்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவ்வாண்டுகளில் புனித ரமழான் நோன்பு பெரும் போட்டிக் காலத்தோடு ஒட்டியே வருகின்றது. நோன்பு நோற்கும் பந்துவீச்சாளன் வெயிலில் நீரின்றி நீண்ட நேரம் வீசுவது எளிதன்று. அதனைக் காரணமாக்கி அவனை அணியிலிருந்து ஒதுக்குவதும் முறையன்று. அவனுடனும் பெற்றோருடனும் முன்கூட்டியே பேசி, காலை வேளையில் குறுகிய தொடர்களாக வீசச் செய்து, பயிற்சியை நோன்பு துறந்த பின்னரான நேரத்துக்கு மாற்றலாம். 1984 இல் நியூசிலாந்துக்கு எதிரான தமது முதலாவது ஒருநாள் போட்டியிலேயே 26 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை எடுத்த உவைஸ் கர்னைனும், 2006 இல் மும்பாயில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்த பர்வீஸ் மஹ்ரூப்பும் இந்நாட்டுக்குப் பெருமை சேர்த்த பந்துவீச்சாளர்கள் ஆவர்.

நமது பிள்ளைகளுக்கு முன்னால் இன்று வாயில்கள் திறந்துள்ளன. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 மார்கழியில் ஜப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக லங்கா பிரீமியர் லீக்கில் களமிறங்கினார். 2023 இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். 2024 வைகாசியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் இடம்பெற்றார். பாடசாலை மைதானத்திலிருந்து அவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பது இப்போது கனவன்று. ஆனால் பதினேழு வயதில் முதுகு முறிந்தவனுக்கு அந்தப் பாதை இல்லை.

எனவே பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் நாம் வேண்டுவது பெரியதன்று. முதற் போட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன்னர் ஒவ்வொரு பந்துவீச்சாளனுக்கும் ஒரு பக்கத்தில் அவனது வயது, பணி, சென்ற பருவத்து எண்கள், வலைப் பயிற்சிச் சோதனை முடிவு, முன்னைய நோவுகள், வாராந்த ஓவர்களின் எல்லை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். தலைவன் களத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த எல்லையை மீற விடலாகாது. முதுகு நோகின்றது என்று மாணவன் கூறினால் அதனைச் சாட்டாக எண்ணாமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

பெரும் போட்டியின் வெற்றி ஓராண்டுக்குப் பேசப்படும். அடுத்த பங்குனியில் அதே மைதானத்தில் அடுத்த போட்டி நடைபெறும். அந்த மாணவனுக்கோ இருப்பது ஒரே முதுகுதான். அதனைக் கொண்டுதான் அவன் நாளை விளையாடவும் தொழில் செய்யவும் குடும்பத்தைத் தாங்கவும் வேண்டியிருக்கின்றது.