அப்சர்வேட்டரி ஹில் பூங்கா

சிட்னி துறைமுகத்தை நோக்கி உயர்ந்து நிற்கும் அப்சர்வேட்டரி ஹில், காடிகல் மக்களின் பாரம்பரிய நிலமாகும். இக்குன்றின் உச்சியில் மணற்கல்லால் கட்டப்பட்ட பழைய வானாய்வகமும், அதனைச் சூழ்ந்து அனைவருக்குமான பொதுப் பூங்காவும் அமைந்துள்ளன.

குன்றின் வரலாறு

1797இல் இங்கு ஒரு காற்றாலை கட்டப்பட்டது. 1804இல் காசில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கிளர்ச்சி செய்ததை அடுத்து, நகரைக் காக்கக் கோட்டை ஒன்று எழுப்பத் தொடங்கினர். அது முழுமை பெறவில்லை; எனினும் அதன் மதிலின் ஒரு பகுதியை இன்றும் காணலாம். பின்னர் கப்பல்களுக்குக் கொடிச் சைகை காட்டும் நிலையமும், 1858இல் வானாய்வகமும் இங்கு அமைந்தன.

ஒரு மணிக்கு விழும் பந்து

அக்காலத்தில் நடுக்கடலில் தமது நெட்டாங்கை அறிய மாலுமிகள் கடிகாரத்தையே நம்பியிருந்தனர். கடிகாரம் நான்கு வினாடி பிழைத்தால், நிலநடுக்கோட்டை அண்டிய கடலில் கப்பலின் இருப்பிடக் கணிப்பு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் தவறிவிடும். இருளில் பாறையில் மோதுவதற்கு அத்தவறே போதும். ஆகவே, வானியலாளர்கள் விண்மீன்களை நோக்கி நேரத்தைக் கணித்து, கோபுரத்தின் மேலுள்ள பந்தினைக் குறித்த கணத்தில் விழச் செய்தனர். ஒலி தொலைவைக் கடக்கச் சில வினாடிகள் செல்லும். கண்ணுக்குத் தெரியும் குறிக்கு அத்தாமதம் இல்லை. 1858 ஜூன் 5 அன்று பந்து முதன்முறையாக விழுந்தது. முதலில் நண்பகலில் விழுந்த பந்து, பின்னர் பிற்பகல் 1 மணிக்கு மாற்றப்பட்டது.

வெள்ளி கடந்த ஆண்டு

1874இல் சூரியனின் முன்பாக வெள்ளிக் கோள் கடந்து சென்றதை, அரசு வானியலாளர் ஹென்றி ரசல் தலைமையில் நியூ சவுத் வேல்சில் பல இடங்களிலிருந்து நோக்கிப் பதிவு செய்தனர். அதே நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கி, சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி நூல் எழுதினார்.

இன்று

நகரின் ஒளி பெருகி, மங்கலான விண்மீன்கள் மறைந்தன. 1982இல் ஆய்வுப்பணி முடிவுற்று, வானாய்வகம் அருங்காட்சியகமாயிற்று. பூங்காவில் மோர்ட்டன் பே அத்தி மரங்களின் நிழலும், இசை மண்டபமும், துறைமுகப் பாலத்தின் காட்சியும் உண்டு.

செல்லும் வழி

வின்யார்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லலாம். கென்ட் தெருப் பக்கமாக வருவோர் படிக்கட்டுகளில் ஏற வேண்டும். படியேற இயலாதோர் வாட்சன் சாலை வழியாக வரலாம். பூங்காவிற்குக் கட்டணம் இல்லை. வானாய்வகத்தின் உட்புறத்தைக் காண விரும்புவோர், திறந்திருக்கும் நேரத்தை முன்னரே உறுதி செய்துகொள்வது நல்லது.